சில்லின் அளவும் சைவத்தின் அளவையும்

தமிழில் ‘அளவு’ என்னும் சொல்லும் ‘அளவை’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னது கோலாலும் மரக்காலாலும் அறியப்படும் பருமனைக் குறிக்க, பின்னது ஒரு பொருள் இன்னதென்று உயிர் துணியும் வழியை, அதாவது வடமொழியார் பிரமாணம் என்பதைக் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் பகுதியாகிய சுபக்கத்தில் பதி, பசு, பாசம் என்பவற்றை ஆராயப் புகுமுன் அளவையை எடுத்துக்கொண்டு, பத்தென எண்ணப்பட்டவற்றையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றினுள் அடக்குகிறது. அந்நூலுக்கு உரை கண்ட அறுவருள் ஒருவராகிய ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்தவர் என்பதால், இந்த ஆராய்ச்சி வலிகாமத்து மண்ணுக்கு அயலானதன்று. அந்த வலிகாமத்தின் மயிலிட்டிக் கரையோர வீதியில் ஓடும் ஒரு செடான் காருக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு அகலமுள்ள சில்லுகளைப் பூட்ட எண்ணுகிறவர், அறிந்தோ அறியாமலோ, இந்த மூன்று அளவைகளின் முன்னேதான் நிற்கிறார். ‘இது பொருந்தும்’ என்ற துணிவு எதிலிருந்து வருகிறது என்பதே அவருக்குரிய கேள்வி.

ரயரின் பக்கச்சுவரில் 205/55 ஆர் 16 என்று பொறிக்கப்பட்டிருந்தால், ரயரின் அகலம் 205 மில்லிமீற்றர் என்பதும், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு என்பதும், அது ஏறும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பதும் பொருள். ஆகவே இரண்டாம் எண் தனக்கென ஓர் உயரத்தைக் கொண்டதன்று. முதலெண்ணைச் சார்ந்தே அது பொருள் பெறுகிறது. அகலத்தைக் கூட்டிப் பங்கை அப்படியே விட்டால் ரயர் உயர்ந்துவிடும் என்பதும், உயரம் மாறாதிருக்க வேண்டுமாயின் அகலம் கூடக்கூடப் பங்கு குறைய வேண்டும் என்பதும் இச்சார்பிலிருந்தே விளைகின்றன. புகையைக் கண்டு காணாத நெருப்பை உணர்வது போல, கண்ட எண்ணிலிருந்து காணாத உயரத்தை உணர்வதே கருதல் அளவை.

2005இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ மூன்றாம் வரிசைச் செடானை உற்பத்தியாளரே இரு வகையாகவும் விற்றனர்: நான்கு சில்லுக்கும் 205/55 ஆர் 16 பூட்டியது ஒன்று, முன்னே 225/40 ஆர் 18, பின்னே 255/35 ஆர் 18 பூட்டியது மற்றொன்று. கணக்கிட்டால் முன்சில்லின் முழுவிட்டம் ஏறத்தாழ 637 மில்லிமீற்றர்; பின்சில்லினது 636. அகலத்தில் 30 மில்லிமீற்றர் வேறுபட்ட இரண்டும் விட்டத்தில் ஒன்றரை மில்லிமீற்றரே வேறுபடுகின்றன. அழகு கருதி ஒருவர் பின்னே 255/40 பூட்டினால் விட்டம் 661 ஆகி, ஒவ்வொரு முழுச்சுற்றிலும் பின்சில்லு முன்சில்லைவிட ஏறக்குறைய 75 மில்லிமீற்றர் கூடுதலாக நிலத்தைக் கடக்கும். சில்லுகளின் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டே சறுக்கலை உணரும் ஏபிஎஸ் பிரேக் அமைப்புக்கு இந்த இடையறாத வேறுபாடு குழப்பம் தரக்கூடியது, நான்கு சில்லும் இழுக்கும் கார்களிலோ முன்னையும் பின்னையும் இணைக்கும் பொறி சூடேறித் தேயும். அகல வேறுபாட்டை அழிக்காமலே விட்ட ஒப்பைக் காக்கும் உற்பத்தியாளரின் அந்த இணைப்பு, இரண்டை ஒன்றாக்குவதும் அன்று, தொடர்பற்ற இரண்டாக விடுவதும் அன்று என்று அத்துவிதச் சொல்லுக்குச் சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு கண்ட பொருளை நினைவூட்டுவது. ஒப்புமை சிறிதே எனினும் விலக்கத்தக்கதன்று.

காட்சி எல்லாவற்றிலும் எளியது போலத் தோன்றினும் இங்கே மிகுதியும் ஏமாற்றுவது அதுவே. கராஜில் நிற்கும் காரில் அகன்ற சில்லு மட்காட்டுக்குள் அழகாக அமைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது நிற்கும் சில்லின் காட்சி, திரும்பும் சில்லினுடையதன்று. ரிம்மின் அகலத்தை ஓர் அங்குலம் கூட்டி, ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது பூட்டப்படும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றாது விட்டால், உட்புறமும் வெளிப்புறமும் தலா 12.7 மில்லிமீற்றர் நீளும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போதோ பள்ளத்தில் விழும்போதோ அந்த நீட்சி உள்ளறையைத் தொடக்கூடும். சில நாள் ஓடியபின் மட்காட்டின் உட்தகட்டில் விரலகலத்தில் மினுக்கம் ஏறிய ஒரு கோடு அதற்குச் சான்றாக நிற்கும். ஐயமும் திரிபும் நீங்கியதையே சித்தியார் காட்சி என ஏற்பதன் காரணம் அந்தக் கோட்டைக் கண்டவருக்கு நன்கு விளங்கும்.

மூன்றாவதாகிய உரை, தன் கண்ணும் கணக்கும் எட்டாத இடத்தில் அறிந்தவர் சொல்லை ஏற்பது. ரயர் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை வாங்குகிறவர் பார்த்தும் அறிய முடியாது, பெருக்கியும் அறிய முடியாது. பக்கச்சுவரிலுள்ள சுமைக் குறியெண்ணையே நம்ப வேண்டும். 205/55 ஆர் 16இல் வழக்கமாக உள்ள 91 என்ற குறியெண் 615 கிலோவையும், 225/40 ஆர் 18இன் சாதாரண வகையிலுள்ள 88 என்பது 560 கிலோவையும் குறிக்கின்றன. அகலம் கூடிய ரயர் குறைந்த சுமையையே தாங்குகிறது. ஏனெனில் சுமையைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளே அடைபட்ட காற்று, பக்கச்சுவர் தாழத் தாழ அக்காற்றுக்கு இடமும் குறைகிறது. கூடுதல் காற்றழுத்தம் ஏற்கும் வலுவூட்டிய வகையைத் தேர்ந்தால் மட்டுமே குறியெண் 92 ஆகி 630 கிலோவை எட்டும். மயிலிறகும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்ற உவமையைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தது இதே உண்மைக்காகத்தான்.

இம்மூன்றையும் கற்றவரும் தவறுவது ஏன் என்பதற்கு விடை சித்தாந்தத்திலேயே உண்டு. காட்சியும் கருதலும் உரையும் கருவிகளே. உண்மையான அளவை உயிரின் அறிவாற்றலாகிய ஆன்ம சிற்சத்தி என்றும், அதை ஆணவ மலம் மறைத்து நிற்கிறது என்றும் அது கூறுகிறது. முன்னரே முடிவு செய்துவிட்ட மனம் பொருந்தும் எண்களை மட்டுமே காண்கிறது. அம்மனம் காணத் தவறுவது ஒன்றுண்டு: இலங்கையின் வடக்கில் மிகுதியாக ஓடும் கொறோலா, பிறிமியோ, அலியன் ஆகியவை முன்சில்லால் இழுபடுவன. பின்சில்லை மட்டும் அகலமாக்குவது, பின்சில்லு தள்ளும் காருக்கு நிலத்தைப் பற்றும் ஆற்றலைத் தருவது போல இவற்றுக்குத் தருவதில்லை, வளைவில் முன்பக்கம் வெளியே விலகும் இயல்பையே மிகுவிக்கிறது. அன்றியும் முன்னையும் பின்னையும் மாற்றிப் பூட்டித் தேய்வைச் சமப்படுத்தும் வழியும் அடைபடுகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களுக்கு யாழ்ப்பாணத்தார் கிடைத்ததையெல்லாம் பொருத்தினர் என்பது மெய். எனினும் அங்கே தேவை ஒவ்வொரு நாளும் அளவைச் சோதித்தது. ஆசை அவ்வாறு சோதிப்பதில்லை.

போரால் 1990இல் மக்கள் வெளியேறி, 2017 ஜூலையில் துறைமுகச் சூழல் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட மயிலிட்டியில், உப்புக்காற்று அலோய் ரிம்மின் விளிம்பை அரித்துக் காற்றைக் கசியவிடும். சுண்ணக்கல் துருத்தும் ஒழுங்கைகளில் 35 பங்கு உயரமே உள்ள பக்கச்சுவர் அடியை ரிம்முக்கே கடத்திவிடும். ஆடி அமாவாசையன்று ஐவர் ஏறிக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகும் சுமையோடுதான் அக்காரின் பொருத்தம் பார்க்கப்பட வேண்டும்: ரயரின் தோளில் வெண்கட்டியைத் தேய்த்து, ஐவரையும் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பள்ளமொன்றில் மெல்ல இறக்கி ஏற்றியபின், மட்காட்டின் உட்புறத்தில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவரே இவ்விடயத்தில் காட்சி அளவையைக் கைக்கொண்டவர்.