ஒன்றும் நடக்காத கொட்டகை

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர் திருமுக்கூடல். காஞ்சிபுரம் வருகிறவர்கள் பட்டுப்புடவையோடு திரும்பிவிடுகிறார்கள். இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கலாம். பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. 15 கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு, அறுவை செய்கிறவருக்கு, மூலிகையும் விறகும் கொண்டுவருபவருக்கு, பணிவிடைப் பெண்களுக்கு என்று தனித்தனியாகக் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு நாக்கில் நீர் ஊறும்.

காயம்பட்டவனைக் காப்பாற்றியவருக்குக் கல்வெட்டு உண்டு. காயமே படாமல் பார்த்துக்கொண்டவனுக்கு?

இதை யோசிக்க வைத்தவை அந்தப் பக்கம் பார்த்த இரண்டு கொல்லுப்பட்டறைகள். இரண்டுமே வீட்டோடு ஒட்டியவை.

முதலாவதில் ஓலைக்கூரை. அதற்குக் கீழேயே உலை. கை நீட்டினால் கரிமூட்டை. பழுத்த அரிவாளை முக்கி எடுக்கும் எண்ணெய், மூடியில்லாத பிளாஸ்டிக் டிரம்மில். "முப்பது வருஷமா இதே இடம்தான் சார். ஒண்ணும் ஆனதில்லை" என்றார்.

இரண்டாவதில் தகரக்கூரை, மண்தரை. சிமென்ட் தரை ஏன் இல்லை என்றேன். சிமென்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, சில்லு சில்லாகத் தெறிக்குமாம். எண்ணெய்த் தொட்டி இரும்பு, பக்கத்திலேயே மூடி. எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய்க் கொதித்து, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசும். மூடிவிட்டால் காற்றில்லாமல் அடங்கும். இரண்டு வாளி மணல். உடம்பில் பருத்திச் சட்டை. நைலான் என்றால் உருகித் தோலோடு ஒட்டும். கரிப்புகையில் மணமே இல்லாத விஷவாயு உண்டு என்பதால் இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. வேலை முடிந்தபிறகும் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து, பொறி எங்காவது கனிகிறதா என்று பார்க்கிறார். அங்கேயும் ஒன்றும் ஆனதில்லை.

வம்பு இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரின் கணக்கும் ஒன்று: விபத்து, பூஜ்யம். அப்புறம் எப்படி ஒருவரை நல்லவர் என்றும் இன்னொருவரைப் பொறுப்பில்லாதவர் என்றும் சொல்வது? பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 1976-ல் இதைத்தான் கேட்டார்கள். ஒரே அலட்சியம், ஒருவனுக்கு அதிர்ஷ்டம், ஒருவனுக்கு இல்லை. தண்டனை மட்டும் ஏன் ஒருவனுக்கு?

கும்பகோணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 ஜூலை 16, சமையல் அடுப்பின் தீ ஓலைக்கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்கள். ஜூலை 15 சாயங்காலம் வரை அதுவும் 'ஒன்றும் ஆகாத' பள்ளிக்கூடம்தான்.

கணக்குப்பதிவியலில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று ஒன்று உண்டு. இன்னும் கடனாகவில்லை, ஆகலாம். அதனால் பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். மறைத்தால் அது வந்து சேராவிட்டாலும் தப்பு தப்புதான். முதல் பட்டறைக்காரரின் முப்பது வருஷமும் அப்படி அடிக்குறிப்பு விட்டுப்போன பேலன்ஸ் ஷீட். அதிலும் அந்தக் கடனுக்குப் பாதி ஜாமீன் பக்கத்து வீடு. அங்கே தறி ஓடுகிறது. தறியில் ஏறியிருக்கும் பட்டு பெரும்பாலும் நெசவாளியுடையது இல்லை. முதலாளி கொடுத்தது, இல்லையென்றால் சொசைட்டி கொடுத்தது. பொறி பறந்தால் கடனாளி ஆவது அவர். அவரிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

'ஏழை சார், ஓலைதான் கட்டுப்படியாகும்' என்பீர்கள். நியாயம். கூரையை அவர் தலையில் கட்ட நான் தயாரில்லை. தகரம் போடக் கடன் கிடைக்காவிட்டால் அந்தக் குற்றத்தில் ஊருக்கும் பங்கு. ஆனால் மூடி? கரிமூட்டையை நாலு அடி தள்ளி வைப்பது? ஒரு வாளி ஆற்றுமணல், அதுவும் பாலாற்றங்கரையில்?

கிளம்பும்போது சொல்லிப் பார்த்தேன், பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு மூடியோடு இரும்புத் தொட்டி வையுங்கள் என்று. சுற்றிலும் கிடந்த தகடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கிறோம் சார். நமக்குன்னு ஒண்ணு அடிக்கத் தோணல."