புருவத்து முடி

காழி இயாஸ் அவர்களைப் பற்றிய ஒரு சம்பவம் வரலாற்று நூல்களில் வருகிறது. நம்மில் பலர் அதை ஏதாவதொரு பயானில் கேட்டிருப்போம். மக்கள் தலைப்பிறை பார்க்கக் கூடியிருக்கிறார்கள். நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களும் அங்கே இருக்கிறார்கள். வயது நூறை நெருங்கிவிட்டது. பிறை தெரிகிறது என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். வேறெவருக்கும் எதுவும் தெரியவில்லை. இயாஸ் அவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். புருவத்திலிருந்து ஒரு நரைமுடி வளைந்து கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதை மெல்லத் தடவி ஒதுக்கிவிட்டு, இப்போது பிறையைக் காட்டும்படி கேட்கிறார். அவர்கள் பார்க்கிறார்கள். பிறை இல்லை.

சிறுவயதில் இதை இயாஸின் புத்திக்கூர்மைக்கு ஓர் உதாரணமாகத்தான் கேட்டேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்ட பிறகு என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஸஹாபி பொய் சொன்னார்கள் என்று யாரால் நினைக்க முடியும்? கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் வானத்தில் பிறை இருக்கவில்லை. ஒருவர் உண்மையாளர் என்பது ஒரு விடயம். அவர் சொல்வது நடந்ததா என்பது வேறொரு விடயம். இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். பிறரைப் பற்றி மட்டுமல்ல, நம்மைப் பற்றியும் அப்படித்தான். "நான் பொய் சொல்லமாட்டேன், ஆகவே நான் சொல்வது சரி" என்று எண்ணிக்கொள்கிறோம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு சிறுவன் விலை கொடுத்தான்.

2009ஆம் ஆண்டு. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வெளியேறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. தரம் எட்டுக்கு நான் வகுப்பாசிரியர். சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளிடம் சேர்த்த 2,400 ரூபாவை ஒரு கடித உறையில் போட்டு மேசை லாச்சியில் வைத்திருந்தேன். ஒருநாள் கடைசிப் பாடவேளையில் பார்த்தபோது உறையைக் காணவில்லை. அந்த நொடியே ஒரு மாணவனின் முகம் எனக்கு நினைவு வந்தது. இடைவேளையில் அவன் என் மேசையடியில் நின்றதை நான் கண்டிருந்தேன். முந்திய தவணையில் ஒருவனின் கொம்பாஸ் பெட்டியை எடுத்துப் பிடிபட்டவன் அவன். உம்மா சவூதியில், மூத்தம்மாவிடம் வளர்ந்தான்.

அதிபரிடம் முதலில், "அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்றான்" என்றேன். அவர் துருவிக் கேட்டபோது, "லாச்சியில் கை வைத்ததைக் கண்டேன்" என்றேன். மறுநாள் மூத்தம்மாவை அழைத்து விசாரித்தபோது, அவன் லாச்சியை இழுத்து மூடிய காட்சி என் கண்முன் அப்படியே நின்றது. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன். "நான் எடுக்கல்ல சேர்" என்று அவன் அழுதான். மூத்தம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "சேர் கண்ணால கண்டெண்டு செல்லக்குள்ள நான் என்னத்த வாப்பா செல்ற?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவன் பாடசாலைக்கு வரவில்லை.

வருட இறுதியில் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, ஆசிரியர் வழிகாட்டி நூலின் மட்டைக்கும் நான் போட்டிருந்த உறைத்தாளுக்கும் இடையில் அந்தக் கடித உறை இருந்தது. பாதுகாப்புக்கென நானே செருகியிருக்கிறேன். பிறகு பிள்ளைகளிடம் விசாரித்தபோதுதான், அன்று கரும்பலகை அழிக்கும் முறை அவனுடையது என்று தெரியவந்தது. டஸ்டரை எடுக்க வந்திருக்கிறான். அவன் நின்றது உண்மை. லாச்சியை இழுத்தது என் மனம் பின்னர் வரைந்து சேர்த்தது.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். பொய் சொல்பவனுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்பதாவது தெரியும்.

நினைவு என்பது படம் பிடித்து வைத்த பெட்டியல்ல என்பதைப் பின்னர்தான் படித்தேன். 1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் மாணவர்களுக்கு ஒரு வாகன விபத்துப் படத்தைக் காட்டினார்கள். வாகனங்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று 50 பேரிடம் கேட்டார்கள். 'முட்டியபோது' என்ன வேகம் என்று இன்னொரு 50 பேரிடம் கேட்டார்கள். ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவினார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் முதற் குழுவில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் 7 பேர். கேள்வியிலிருந்த ஒரு சொல் அவர்களின் நினைவுக்குள் கண்ணாடியை உடைத்துப் போட்டிருந்தது. அதிபர் துருவிக் கேட்கக் கேட்க என் லாச்சி திறந்ததும் இப்படித்தான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வருடமும் தரம் எட்டில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குகிறேன். கரும்பலகையில் சம நீளமான இரண்டு கோடுகள் வரைவேன். ஒன்றின் நுனிகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். 1889இல் முல்லர் லையர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட படம் இது. எது நீளம் என்று கேட்டால் வகுப்பே விரிந்ததைத்தான் காட்டும். ஒருவனை அழைத்து அடிமட்டத்தால் அளக்கச் சொல்வேன். இரண்டும் 40 சென்ரிமீற்றர். இப்போது சமமாகத் தெரிகிறதா என்று கேட்பேன். தெரியாது. அளந்த பிறகும் தெரியாது. ஒருமுறை ஒரு பிள்ளை சொன்னாள்: "அடிமட்டம் சரிதான் சேர், கண்ணுதான் கேக்குதில்ல."

இதை நம் முன்னோர்கள் அறியாதிருக்கவில்லை. பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில், பார்வை கண்ணோடு முடிவதில்லை, முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு மனம் மிக விரைவாகத் தீர்ப்பளிக்கிறது, அந்தத் தீர்ப்பை நாம் உணர்வதுகூட இல்லை என்று விளக்கினார். பார்வையின் பிழைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். இமாம் கஸ்ஸாலி 'அல்முன்கித்' நூலில் நிழலை உதாரணம் காட்டுகிறார்கள். கண்ணுக்கு அது அசையாமல் நிற்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் அளவில் தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரியதென்கிறது. கண்ணைப் பகுத்தறிவு பொய்ப்பித்தது போலப் பகுத்தறிவைப் பொய்ப்பிக்க இன்னொன்று வராதா என்று கேட்டு, ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அந்த ஐயத்தில் நோயாளியைப் போல இருந்ததாகவும் எழுதுகிறார்கள். அத்தனை தூரம் போகும் துணிவு நமக்கு இல்லாவிட்டாலும், நிழலருகே சற்று நேரம் காத்திருக்கலாமல்லவா?

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் தன் உடம்பில் கண்டது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பிட வந்தவர் உணவில் ஒரு வெள்ளைக் கட்டியைக் கண்டார். கண்டது கட்டியை, அவருக்குத் தெரிந்ததோ மலட்டு மாத்திரை. அப்படியொரு கதை ஏற்கெனவே ஊரெல்லாம் உலவியது. சிங்களம் சரியாகத் தெரியாத ஹோட்டல்காரர் கூட்டத்துக்கு நடுவில் பயத்தில் தலையாட்டியது வீடியோவாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. அடிமட்டம் வந்து சேர்ந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

தாக்கியவர்களின் குற்றத்தை மூளையின் மயக்கம் என்று தள்ளுபடி செய்ய நான் வரவில்லை. கல்லெடுப்பதும் தீ வைப்பதும் மயக்கமல்ல; தெரிவு. ஆனால் அந்தச் செய்தியைப் படித்து ஆத்திரப்பட்ட அதே இரவில், ஒரு லாச்சியும் என் நினைவுக்கு வந்தது. கொம்பாஸ் பெட்டியை எடுத்தவன் காசையும் எடுப்பான் என்று என் மனதில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. கண் அந்தக் கதைக்குச் சாட்சி தேடிக் கொடுத்தது. நமக்கு அநியாயம் செய்த அதே கருவி நம்மிடமும் இருக்கிறது. எங்கள் வகுப்பறைகளிலும் குடும்ப வழக்குகளிலும் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களிலும் அதை நாங்கள் பாவிக்கிறோம்.

இங்கே ஒரு நண்பர் நியாயமான கேள்வியொன்றைக் கேட்டார். "கண்ணும் நினைவும் பிழைக்குமென்றால் எந்தச் சாட்சியத்தையும் மறுத்துவிடலாமே? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களிடம், உங்கள் நினைவு மயக்கம் என்று நாளை ஒருவன் சொன்னால்?"

இதற்கான விடையும் நம்மிடமே இருக்கிறது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளரை இரண்டு தராசுகளில் நிறுத்தார்கள். ஒன்று அதாலத், அவருடைய நேர்மை. மற்றது ழப்த், அவருடைய நினைவின் துல்லியம். தஹஜ்ஜுத் தவறாத வணக்கசாலியாக இருந்தாலும், நினைவு தளம்பினால் அவருடைய அறிவிப்பைப் பலவீனமானது என்று எழுதினார்கள். அதனால் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அதேவேளை, ஒருவரோடொருவர் கூடிப் பேசி இட்டுக்கட்ட முடியாத அளவு பலர் ஒன்றையே அறிவித்தால் அதை முதவாதிர் என்று உறுதியாக ஏற்றார்கள். வடபுல மக்கள் ஆயிரக்கணக்கில், வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒரே துயரத்தைச் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கிழமை மாறியிருக்கலாம், இன்னொருவருக்குக் கொண்டுபோக விட்ட காசின் தொகை மாறியிருக்கலாம். நிகழ்வு நிற்கிறது. ஆகவே ஐயம் என்பது பாதிக்கப்பட்டவனின் வாயை அடைக்கும் துணியல்ல. தண்டிக்கப் போகிறவன் தன் கையைத் தானே பிடித்துக்கொள்வதற்கானது. என் முடிவால் எவன் நோகப் போகிறானோ அவனுக்காக, என் உறுதியை நான் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், ஊகங்களில் சில பாவமானவை என்று ஸூரதுல் ஹுஜுராத் கற்பிப்பதை நாம் எப்போதும் மற்றவர் கொண்டுவரும் செய்திக்கே பொருத்துகிறோம். என் கண்ணும் எனக்குச் செய்தி கொண்டுவரும் ஒரு ஆள்தானே? அதை மட்டும் ஏன் விசாரியாமல் உள்ளே விடுகிறேன்?

அந்த உறையைக் கண்டெடுத்த அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்துவிட்டிருந்தான். மூத்தம்மா காலமாவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தது. அவனிடம் கேட்டது பெருநாளைக்கு ஊர் வந்தபோதுதான். "அதெல்லாம் மாப் பண்ணிட்டன் சேர்" என்றான். திரும்பப் பாடசாலைக்கு வரவில்லை. இன்று ஊரில் ஓட்டோ ஓட்டுகிறான். சில வேளைகளில் அவனுடைய ஓட்டோவில் ஏறுவேன். ஸலாம் சொல்வான், சுகம் விசாரிப்பான். மிச்சக் காசைத் தரும்போது மட்டும் என் கண்முன்னாலேயே இரண்டு தடவை எண்ணித் தருவான்.

இப்போது என் வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் என் லாச்சியையும் என் புத்தகங்களையும் கொட்டித் தேடுகிறேன். கண்டதை உடனே ஒரு தாளில் எழுதி வைக்கிறேன், கண்டதை மட்டும். பிறகு ஒருநாள் பொறுக்கிறேன். இயாஸின் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். நான் கொஞ்சம் அவசரப்பட்டால் பின்வாங்கிலிருந்து எவனாவது குரல் கொடுப்பான்: "சேர், புருவத்த ஒருக்காத் தடவிப் பாருங்க."

வகுப்பு சிரிக்கும். நான் தடவிப் பார்ப்பேன்.