கடவுளிடம் ஒரு மறியல்

2017 நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். கலிலேயக் கடலில் வலை வீசிப் பிழைத்த அந்திரேயா, கடற்கரைச் சனங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. அன்றைக்குத்தான் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களின் ஆண்கள் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். ஒருதடவை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் அது எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தன. மூன்று நாள் கழித்து டிசம்பர் 3, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. வரப்போகிறவருக்காகக் காத்திருங்கள் என்று திருச்சபை சொல்லும் காலம். அந்த ஊர்க் கோவில்களில் அன்று பூசைக்கு வந்தவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

பலர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாதிருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று அப்போதிருந்த சாட்சியச் சட்டம் சொன்னது. ஒக்கிக்காக அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தார்கள். தாளில் அப்படித் தீர்த்துவிடலாம், வீட்டில் முடியாது. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை. அம்மா தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள். அவளைப் பார்த்துக்கொண்டு பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறது.

நான் அதே மாவட்டத்தில் வேறொரு பங்கில் மறைக்கல்வி எடுக்கிறவள். ஒக்கியில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு தூத்தூர்ப் பிள்ளை, சித்தி வீட்டில் தங்கிப் படிக்க எங்கள் ஊருக்கு வந்து, என் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“டீச்சர், கடவுள்மேல கோவமா இருந்தா அதப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?”

வேண்டாம் என்றேன். எத்தனை நாளாகக் கோபம் என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னாள். அந்த டிசம்பரில் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் அவள் தலையைத் தடவி ஒன்றேதான் சொன்னார்களாம்: “நல்லா செபி மக்களே. சின்னப் பிள்ளைங்க செபத்தக் கடவுள் தட்ட மாட்டாரு. அப்பா வந்துருவாங்க.” அவளும் செபித்தாள். நவநாள் செபம், செபமாலை, முழங்காலில் நின்று. ஒருநாள் செபமாலையின் நடுவில் தூங்கிவிட்டாள். “அதனாலதானோ டீச்சர்?”

இந்தப் பிள்ளையின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நன்றாகச் செபித்தால் அப்பா வருவார் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். அப்பா வரவில்லை என்றால் செபத்தில்தானே குறை? கடவுள் உண்மையுள்ளவர் என்று அவளை நம்பவைக்கத்தான் அப்படிச் சொன்னோம். அவள் கையில் மிஞ்சியதோ, அப்பா திரும்பாததற்குத் தான்தான் காரணம் என்ற எண்ணம்.

மற்ற ஆறுதல்களும் இப்படித்தான். “கடவுளுக்கு உங்கப்பாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதான் கூப்பிட்டுக்கிட்டார்” என்றால், பிள்ளைக்குக் கடவுள் அப்பாவைத் திருடியவர் ஆகிறார். “எல்லாம் நல்லதுக்கே” என்பதைத் துக்க வீட்டில் சொல்கிறவர்கள், சொல்லிவிட்டு எழுந்து தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்.

பெண்பிள்ளைக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் ஓர் இழப்பு என்றால் மூத்த பெண்ணிடம் சொல்லப்படும் முதல் வாக்கியம், “அம்மா முன்னால அழாத, நீதான் இனி அவளப் பாத்துக்கணும்.” அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு ஊட்டுவதும், சங்கத்தில் தவணை கட்டுவதும் அவள். அழுவதற்கு அவளுக்கு முறை வருவதே இல்லை. அதற்கு மேல் நாம் மாதாவைக் காட்டுகிறோம். மாதா பேசவே மாட்டார், எல்லாவற்றையும் மனதில் வைத்துப் பொறுத்துக்கொண்டார், நீயும் அப்படி இரு என்று. மாதாவின் பாதிக் கதைதான் இது. பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தேடி, மூன்றாம் நாள் ஆலயத்தில் கண்டபோது, ஏன் எங்களை இப்படிப் பண்ணினாய் என்று அவர் நேராகவே கேட்டதாக லூக்கா எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியை நாம் செபமாலையில் ‘காணாமற்போன இயேசுவைக் கண்டடைந்தது’ என்று மகிழ்ச்சி மறைபொருளில் வைத்துவிட்டோம். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு தாயின் கோபமும் இருக்கிறது.

புயலுக்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 7 அன்று, அந்தக் கரையின் சனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஏராளம். கடலில் கிடப்பவர்களைத் தேடிக் கொண்டுவா என்பதுதான் கேட்டது. ரயில்கள் நின்றன, இரவு வரைக்கும் யாரும் எழவில்லை. அந்த மறியலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்கள்தான் மறியலுக்குப் போவார்கள். அரசாங்கம் என்று ஒன்றே இல்லை என்றோ, இருந்தாலும் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றோ முடிவு செய்துவிட்டவன் வீட்டில் படுத்துவிடுவான். கத்துகிறவனுக்கு இன்னும் உறவு அறுந்துபோகவில்லை.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பெத்தானியாவில் இரண்டு சகோதரிகள், மார்த்தாவும் மரியாவும். சகோதரன் இலாசர் சாகக் கிடக்கிறான் என்று இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் உடனே கிளம்பவில்லை. இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது அடக்கம் முடிந்து நான்கு நாள். அவர் வருகிறார் என்று கேட்டதும் மார்த்தா வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் ஊருக்குள் நுழையும் முன்பே போய் வழியில் நிற்கிறாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டானே என்கிறாள். தங்கை பிறகு வந்து, காலில் விழுந்து, அதையே சொல்கிறாள். வீட்டுக்குள் அந்த நான்கு நாளும் இருவரும் இதைத்தான் மாற்றி மாற்றிப் பேசியிருக்க வேண்டும்.

இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் போதாது என்றும் சொல்லவில்லை. மார்த்தாவோடு பேசுகிறார். அந்தப் பேச்சுக்குள்ளேயே, குறை சொன்ன அதே வாயால், நீரே மெசியா, இறைமகன் என்று மார்த்தா அறிக்கையிடுகிறாள். பேதுரு சொன்னதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல அந்த அறிக்கை. ஆனால் பேதுருவின் பேரில் பெருங்கோவில்கள் இருக்கின்றன. மார்த்தா என்றால் நமக்குச் சமையலறைதான் ஞாபகம் வருகிறது. மரியா அழுததைக் கண்டதும் இயேசுவும் அழுதார்.

இதை வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளை கையைத் தூக்கும் என்று எனக்குத் தெரியும், தூக்கவும் செய்தது. “அவங்களுக்குத் தம்பி திரும்பக் கிடைச்சுட்டான்ல டீச்சர்.” ஆமாம், கிடைத்தான். உனக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்தை மழுப்பிக் கடக்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் பிறகு எதிலும் நம்புவதில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இலாசரும் பிறகு ஒருநாள் செத்தான். அந்தச் சகோதரிகள் வயதான காலத்தில் அவனுக்காக இரண்டாம் தடவை அழுதிருப்பார்கள், அல்லது அவன் அவர்களுக்காக அழுதிருப்பான். அற்புதம் மரணத்தைத் தள்ளிப்போட்டது. ஆனால் கல்லறை திறக்கும் முன்பே, ஒன்றும் சரியாகாத அந்த நேரத்திலேயே, அவர்கள் கோபத்தை முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டு கூட நின்று அழுதார் ஒருவர். கிடைத்த தம்பியை மறுபடி மரணம் கொண்டுபோயிருக்கும். அந்த அழுகையை யாரும் கொண்டுபோக முடியாது. தூத்தூர்ப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் விசுவசிக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் தெரிந்த புனிதை, குழந்தை இயேசுவின் தெரேசா. சிறுமலர் என்ற பெயரில் பள்ளிக்கூடம் இல்லாத ஊர் குறைவு. படத்தில் கைநிறைய ரோஜாப்பூ. அந்தப் பூக்களுக்குப் பின்னால் இருக்கிற சிறுமியை நாம் காட்டுவதில்லை. 1877-ல் அம்மா புற்றுநோயில் இறந்தபோது தெரேசாவுக்கு நான்கு வயது. இனி நீதான் எனக்கு அம்மா என்று அவள் போய் ஒண்டிக்கொண்ட அக்கா பௌலின், ஐந்து வருஷத்தில் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவை தாயை இழந்த மாதிரி. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை படுக்கையில் விழுந்தது. பிறகு, தெரேசாவும் மடத்தில் சேர்ந்த சில மாதங்களில், உயிருக்கு உயிரான அப்பாவுக்கு மனநோய் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். கடைசியில் 1896 பாஸ்கா காலத்திலிருந்து 1897 செப்டம்பரில் காசநோயால் இறக்கும்வரை, விண்ணகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாத இருட்டு. இருபத்து நான்கு வயதுப் பெண் அந்த இருட்டைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறாள். இதை எல்லாம் சொல்லாமல், சிரித்த முகமாக இருந்ததால் புனிதை ஆனார் என்று சொல்லிக்கொடுப்பது, அழுகிற பிள்ளைகளைப் புனிதத்திலிருந்து தள்ளி நிறுத்துவதாகும். அவர் எழுதியதை முதலில் வெளியிட்டபோது அந்த அக்காவே நிறையத் திருத்தித்தான் வெளியிட்டார். தெரேசா எழுதியது எழுதியபடி அச்சில் வந்தது 1956-ல்தான். பிள்ளைகளின் வார்த்தையைத் திருத்தி அழகாக்கிக் கடவுளுக்குக் கொடுக்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல.

செபத்தில் தூங்கிவிடுவேன் என்றும் தெரேசா எழுதியிருக்கிறார். பெற்றவர்களுக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிரியம் ஒன்றுதானே என்பது அவர் கண்ட சமாதானம். செபமாலையின் நடுவில் தூங்கிய என் மாணவிக்கு நான் சொன்னதிலேயே அவள் முகத்தைத் தெளியவைத்தது இது ஒன்றுதான்.

இப்படிப் பேசினால் சக ஆசிரியர்களுக்கு ஒரு பயம். கோபப்படலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் விசுவாசத்தை விட்டே போய்விடுவார்களே என்று. நான் பார்த்தவரை போகிறவர்கள் கோபப்படுகிறவர்கள் அல்ல. போகிறவள் மரியாதையாகப் போகிறாள். ஞாயிறு பூசைக்கு வருவாள், பாடற்குழுவில் பாடுவாள், கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்வாள். உள்ளே அவளுக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகியிருக்கும். சண்டைபோடுகிறவள் இன்னும் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். கடவுள் உண்மையுள்ளவர் என்பதற்காக, அவள் கேட்டதைத் தருவார் என்று நாம் எந்த உத்தரவாதமும் கொடுக்க முடியாது. அவள் எவ்வளவு திட்டினாலும் எழுந்து போய்விட மாட்டார் என்று சொல்லலாம். அதைச் சொல்லுக்குச் சொல் நம்புகிறவள்தான் திட்டவே துணிவாள். அவளுடைய கோபம் விசுவாசத்துக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளையிடம் மிச்சமிருந்த விசுவாசமே அந்தக் கோபம்தான்.

திருச்சபைக்கு இது தெரியும், நாம்தான் மறந்துவிட்டோம். 150 திருப்பாடல்களில் 88ஆவது ஒன்று, எந்த ஆறுதலும் வராமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதை எடுத்துப் போட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் குருக்களும் கன்னியரும் சொல்கிற பாடல் அது. நல்ல நாளிலும் சொல்ல வேண்டும். அந்த வாரம் யாருக்கோ அது தேவைப்படுகிறது என்ற எண்ணம்தான் போலும்.

பேச்சோடு நின்றுவிட்டால் இதுவும் இன்னொரு ஆறுதல் வார்த்தையாகிவிடும். யாயிரின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பியதும் இயேசு அந்த வீட்டாரிடம் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று. மாற்கு மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய அதிசயத்தின் நடுவில் பிள்ளை பசித்திருக்கும் என்று நினைத்தவர் அவர். பள்ளிக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு, வங்கிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அம்மாவோடு யார் போவார்கள், பத்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிடாமல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் மறைக்கல்விப் பாடத்தில் சேர்ந்ததுதான். பங்குப் பேரவையில் இதைச் சொன்னால் நிதி இல்லை என்கிறார்கள். திருவிழா வாணவேடிக்கைக்கு இருக்கிறது.

இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு நான் திருவருகைக்காலத்தில் 88ஆம் திருப்பாடலை வாசிக்கக் கொடுக்கிறேன். பிறகு ஆளுக்கு ஒரு தாள். கடவுளிடம் நேரில் கேட்க வேண்டியதை எழுதுங்கள், ‘ஆமென்’ என்று முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிடுவேன். பையன்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். பெண்பிள்ளைகள் சிலர் தாளின் பின்பக்கமும் எழுதுகிறார்கள், இன்னொரு தாள் கேட்கிறார்கள். நான் அவற்றை வாங்கி வாசிப்பதில்லை. எனக்கு எழுதிய மனு இல்லையே அது.