தெரு எவருக்கு?

தெரு பொதுச்சொத்து என்கிறோம். பொது என்னும் சொல்லின் பொருளைத்தான் மறந்துவிட்டோம், தோழர்களே!

1924-ஆம் ஆண்டு. வைக்கத்தில் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது என்று தடை. நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம், மனிதன் நடத்தல் தகாதாம்! அத்தடையைத் தகர்க்க எழுந்த கிளர்ச்சியில் பெரியார் இருமுறை சிறை புகுந்தார். கேட்டது மாளிகையன்று, மானியமன்று. காலூன்றி நடக்க ஒரு தெரு!

அந்தத் தடை இன்று சட்டத்தில் இல்லை. ஆயினும், கைக்குழந்தையுடன் ஒரு தாய் நகரத்துச் சாலையைக் கடக்கத் தவிக்கும் காட்சியைக் கண்டதில்லையா? நடைபாதையிலே கார் நிற்கிறது. நடக்க வேண்டியவளோ நடுச்சாலையிலே நிற்கிறாள். அன்று தடுத்தது பிறப்பு. இன்று தடுப்பது பணம். இரண்டும் ஒன்றென்று கூறேன். சாதிக் கொடுமைக்கு ஈடான கொடுமை ஏது? எனினும், ‘எளியவனே, ஒதுங்கு’ என்னும் குரல் பழைய குரல்தான். அவள் அடிபட்டு வீழ்ந்தால், ‘விதி’ என்று பெருமூச்செறிவர். விதியன்று, நடைபாதையை நாதியற்றதாக்கிய நிர்வாகத்தின் பிழை!

‘மோட்டார்க்காரர் வரி கட்டுகிறார், அவருக்காகப் பாலம் கட்டுவதில் தவறென்ன?’ என்பர் சிலர். நடப்பவன் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இல்லையா? அன்றியும், கட்டிய வரியின் அளவுக்கே உரிமை என்றால், வாக்குச்சீட்டையும் அவ்வாறே அளந்து கொடுக்கலாமே! ஒப்புவரோ?

அரசு எளியோர்க்குத் துணை நின்றால் விளைவது என்ன? புதுக்கோட்டை விடை கூறும். 1990-களின் தொடக்கத்தில், அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. மாவட்ட நிர்வாகம் ஊக்கமளித்தது. வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தது. பழித்தனர் சிலர்; பல்லாயிரம் பெண்களோ பழியை மிதித்து வண்டியை ஓட்டினர்! தந்தைக்கும் கணவனுக்கும் பேருந்துக்கும் காத்திருந்த காலம் கழிந்தது. இரண்டு சக்கரங்கள் செய்த சமூகப் புரட்சி அது. பின்னர், பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிற்று தமிழ்நாட்டு அரசு.

வண்டி தந்தாயிற்று, வழி தந்தோமா? 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் முதலிடம் தரக் கொள்கை வகுத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை கண்டோம், மகிழ்ந்தோம். கடைவீதிக்குக் கிடைத்தது, குடிசைப் பகுதிக்கும் சிற்றூருக்கும் கிடைப்பது எந்நாள்?

இளைஞனே! உன் தெருவின் நடைபாதையை அளந்து பார். அதன் அகலமே, நம் சமத்துவத்தின் அகலம். குறுகியிருந்தால், குரல் கொடு. கேட்பது சலுகையன்று, வைக்கத்தில் தொடங்கிய வழக்கின் மிச்சம்!