உடையைப் பார்க்கிறார்களா, ஆளைப் பார்க்கிறார்களா?

இரவு விடுதிகளைப் பற்றி ஒரு குருவானவர் எழுத வேண்டுமா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அங்கே போவது தகுமா, தகாதா என்பது வேறு விசாரணை. அதைப் பற்றி நீங்கள் போதிய பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். நாம் இன்று வாசலோடு நின்றுகொள்வோம். பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த நமது பிள்ளைகள் அந்த வாசல்களுக்கும் போகிறார்கள். உள்ளே விடப்படாமல் திரும்புகிறவர்களும் உண்டு. ‘உடை சரியில்லை’ என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

ஓரிடத்துக்கு இன்ன உடையில்தான் வரவேண்டும் என்று விதிப்பதில் தன்னளவிலே அநீதி எதுவும் இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒன்று கழற்றச் சொல்கிறது, மற்றது மூடச் சொல்கிறது; எனினும் இரண்டிலும் விதி முன்னரே தெரிந்தது, வருகிறவர் எவர்க்கும் பொதுவானது, கையிற் காசில்லாதவனும் அமையக்கூடியது.

இரவு விடுதியின் விதி இத்தகையதா?

நியூயோர்க் நகரில் 1977ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘ஸ்ரூடியோ 54’ என்றொரு நடன விடுதி திறக்கப்பட்டது. வாசலிலே வெல்வெற் கயிறு. கயிற்றுக்கு வெளியே தெரு நிறையச் சனம். ‘நீ வா, நீ வேண்டாம்’ என்று விரல் நீட்டித் தெரிவு செய்வார்கள். உரிமையாளருள் ஒருவரான ஸ்ரீவ் ரூபெல் தாமே அந்த வேலையைச் செய்ததுண்டு. அவ்வாண்டின் கடைசி இரவு, நைல் றொட்ஜர்ஸ், பேர்னாட் எட்வேட்ஸ் என்னும் இரு கறுப்பின இசைஞர்கள் பாடகி கிறேஸ் ஜோன்ஸ் அழைத்ததன் பேரில் மிக நேர்த்தியாக உடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். அவர்களுடைய பெயர் வாசலிற் சொல்லி வைக்கப்படவில்லை. துரத்தப்பட்டார்கள். வீடு சென்று ஆத்திரத்தில் வாசற் காவலாளை ஏசி ஒரு பாட்டுக் கட்டினார்கள். வசவை நீக்கி அதை 1978இல் ‘லெ ஃபிறீக்’ என்ற பெயரில் வெளியிட, அமெரிக்காவில் அது முதலிடத்துக்கு வந்தது. ஏச்சையும் பாட்டாக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது பையன்களுக்கு அந்த வசதி இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, உடையில் அவர்களிடம் குறை இருக்கவில்லை என்பது. உண்மையான விதி வேறெங்கோ இருந்தது. பெர்லினில் 2004இல் தொடங்கிய ‘பேர்க்ஹைன்’ விடுதியிலும் உடை விதி என்று எதுவும் எழுதி மாட்டப்படவில்லை. மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் காரணம் சொல்லப்படாமலே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆண்களிடம் தோற் சப்பாத்துக் கேட்டுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, பெண்களை இலவசமாக விடும் வாசல்களும் உண்டு. இலவசம் என்றால் மகிழ வேண்டாம். அங்கே அவள் வாடிக்கையாளர் அல்லள்; ஆண்களை இழுப்பதற்கென்று காட்சிக்கு வைக்கப்பட்ட சரக்கு. அவளது உடையை அளக்கும் கண்ணும் வியாபாரக் கண்ணே.

விடுதிக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. குடிபோதையும் சண்டையும் நடக்கக்கூடிய இடம். கத்தியோடு வருகிறவனைத் தடுக்க வேண்டும். அதற்குச் சோதனை போதுமே! ரெனிஸ் சப்பாத்து எவரையும் குத்தியதில்லை.

தடுக்கப்பட்டவனுக்கு நேரும் காயம் யாதென்று சற்று ஆழமாக நோக்குவோம். கட்டணம் போகவில்லை, அடி விழவில்லை. ஆனால் தன்னைத் தடுத்தது சப்பாத்தா, தோலா என்பது அவனுக்குத் தெரியாது. கேட்டால் சப்பாத்து என்பார்கள். பின்னால் வந்த வெள்ளை இளைஞன் அதே மாதிரிச் சப்பாத்தோடு உள்ளே போவதைத் தற்செயலாகப் பார்த்தால்தான் சந்தேகமே பிறக்கும். பார்க்காவிட்டால், ‘நான்தான் சரியாக உடுக்கவில்லையோ’ என்று தன்னையே நொந்துகொண்டு வீடு திரும்புவான். அவமதித்ததுமன்றி, அவமானத்தின் பழியையும் அவன் தலையிலேயே சுமத்தி அனுப்புகிறார்கள். உடை விதி ஒரு முகமூடியாகும்போது செய்கிற பெரிய தீங்கு இதுவே.

அந்த முகமூடியைக் கழற்றப் பிரான்சில் ஒரு வழி கண்டார்கள். 1984இல் தோன்றிய ‘எஸ்.ஓ.எஸ். ரசீஸ்ம்’ என்னும் இனவாத எதிர்ப்பு இயக்கம், ஒத்த வயதும் ஒத்த உடையுமுள்ள இரு குழுக்களைச் சிறிது நேர இடைவெளியில் ஒரே வாசலுக்கு அனுப்பியது. ஒரு குழுவினர் வெள்ளையர். மற்றவர்கள் அராபிய, ஆபிரிக்க வழிவந்தவர்கள். உடை ஒன்றாயிருக்கையில் ஒரு சாரார் உள்ளேயும் மறு சாரார் வெளியேயும் நின்றால், உடை என்ற சாட்டு எங்கே நிற்கும்? 2002 யூன் மாதம் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இவ்விதச் சோதனையைச் சான்றாக ஏற்றது. 2006இல் அது சட்டத்திலேயே இடம்பெற்றது. பொதுமக்கள் வந்து போகும் இடமொன்றில் இப்படிப் பாகுபாடு காட்டினால் 5 ஆண்டு வரை சிறையும் 75,000 யூரோ வரை தண்டமும் விதிக்கலாம்.

வெளிநாட்டாரைக் குறைகூற நாம் அவசரப்படலாகாது. யாழ்ப்பாணத்தில் சாதியிற் குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், மற்றவர் முன் தோளிற் சால்வை போட விடப்படாத காலமொன்று இருந்தது. அங்கே உடை தகுதியை மறைக்கும் சாட்டாகவும் இருக்கவில்லை. நல்ல உடை உடுப்பதே குற்றமாயிற்று. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. பொன்மோதிரக்காரனுக்கு ஆசனமும் கந்தைக்காரனுக்கு ஓரமும் காட்டிய சபையைப் புனித யாகப்பர் தமது திருமுகத்திற் கண்டித்தது முதல் நூற்றாண்டில். எழுதி வைத்த விதியும் நீதியாகிவிடாது. 2014 யூலையில் சென்னையில் கிரிக்கெற் சங்க மன்றமொன்று வேட்டி உடுத்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் மறித்தது. விதிப் புத்தகம் மன்றத்தின் பக்கம் இருந்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை அத்தகைய தடையை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று.

ஆதலால் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை வாசலிலிருந்து திரும்பி வந்து பேசாமற் படுத்துக்கொண்டால், ‘அங்கே ஏன் போனாய்?’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஞாயிறு மத்தியானம் வரை பொறுக்கலாம். விதி எழுதி மாட்டியிருந்ததா, பின்னால் நின்றவன் என்ன உடுத்திருந்தான், எத்தனை மணி, கூட நின்றவர் யார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். ஜேர்மனியில் நிறத்துக்காக விடுதி வாசலில் மறிக்கப்பட்ட ஓர் இளைஞனுக்கு, 2011இல் ஸ்ருட்காட் மேல் நீதிமன்றம் 900 யூரோ இழப்பீடு வழங்கியது. பிரான்சில் அதே 2011இல் மக்களின் உரிமை முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே ஓர் அரச அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. கடிதம் எழுதினாலும் எடுப்பார்கள்.