கல்லறையோரம் ஒரு விளையாட்டு

இறந்தோர் துயிலும் இடத்தில் விளையாடலாமா? கேட்ட மாத்திரத்தில் 'கூடாது' என்று சொல்லத் தோன்றும் கேள்விதான். ஆயினும் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 2005-ஆம் ஆண்டு இக்கேள்வி சட்டமன்றத்தின் முன் வந்தபோது, விடை அத்துணை எளிதாய் இருக்கவில்லை.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள்களின் துணையால் நாம் நிற்கும் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு வரும் குறிப்புகளில் அமெரிக்க அரசு முன்னர் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. ஓரிரு நாள்களுக்குள் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அறிவித்தார். தேடி வருவோர் குறிப்பேட்டில் பெயர் எழுதலாம். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுச் செல்லலாம். மாசற்ற பொழுதுபோக்கு. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

அவற்றுள் சில கல்லறைத் தோட்டங்களிலும் இருந்தன. எனவேதான், கல்லறைத் தோட்டங்களிலும் தொல்லியல், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களிலும் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் எழுத்து மூலமான இசைவின்றி இவ்விளையாட்டை நடத்துவது குற்றம் என ஒரு மசோதா எழுந்தது. கீழவை அதனை ஏற்றுக்கொண்டது. ஆர்வலர்கள் திரண்டு எதிர்த்தனர். மேலவையில் அது நிறைவேறாமலே போயிற்று.

எதிர்த்தோரின் வாதங்களை எள்ளி நகையாடுதல் முறையன்று. அத்துமீறி நுழைவதையும் கல்லறையைச் சிதைப்பதையும் தண்டிக்க ஏற்கனவே சட்டங்கள் உள்ளன. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், பெட்டியை மண்ணில் புதைக்கலாகாது என்பவை எங்கள் விதிகளிலேயே அடக்கம். யாரும் எட்டிப் பாராத பழங்கல்லறைகளுக்கு மக்களை அழைத்து வருவதும் எங்கள் விளையாட்டுத்தான் என்றனர். இவற்றில் உண்மை உண்டு. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்ய முற்படலாகாது, பிறருக்குத் தீங்கிழைக்கும் கொடியவற்றையே முதன்மையாய்த் தடுக்க வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாசின் நிலைப்பாடு. கல்லறையருகே ஒரு பெட்டியைத் தேடுவது அவ்வகைக் கொடுமையன்று. வணக்க உணர்வை அபராதத்தால் ஊட்டிவிட இயலாது.

ஆனால் தென் கரோலினாவின் கடலோரத்திற்குச் சற்றே சென்று பார்ப்போம். நெல்லும் பருத்தியும் விளைந்த பண்ணைகளில் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான குல்லா மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்தம் பழைய கல்லறைகள் பலவற்றில் பெயர் பொறித்த கல் இராது. மண்மேட்டின் மீது இறந்தவர் இறுதியாய்ப் பயன்படுத்திய பொருள்களை வைப்பது அம்மக்களின் மரபு: ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கடிகாரம், மருந்துப் புட்டி, கடற்சிப்பிகள். சிலவற்றை வேண்டுமென்றே உடைத்து வைப்பதுண்டு. இறந்தவரோடு பிணைக்கும் சங்கிலி அறுபட்டால்தான் குடும்பத்தில் அடுத்த சாவு தொடராது என்பது அவ்வழக்கத்திற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. மரங்கள் சூழ்ந்த அந்நிலம் அறியாதவர் கண்ணுக்கு வெறுங்காடு, அப்பொருள்கள் வெறுங்குப்பை.

இங்கேதான் என் மனம் தயங்குகிறது. விளையாட வரும்போது வழியிலுள்ள குப்பையைப் பொறுக்கிச் செல்ல வேண்டும் என்பது ஜியோகேச்சிங் ஆர்வலர்கள் பெருமையோடு போற்றும் வழக்கம். நல்லெண்ணமே உருவான ஒருவர் ஒரு தாயின் உடைந்த தட்டைத் தம் பையில் போட்டுக்கொண்டு, இடத்தைத் தூய்மைப்படுத்திய நிறைவோடு வீடு திரும்பக்கூடும். அவர் எச்சட்டத்தையும் மீற எண்ணவில்லை, எவரையும் இகழவுமில்லை. கெடுநோக்கு இல்லாவிடில் தீங்கும் இல்லை என்னும் நம் வழக்கமான ஆறுதல் அந்தத் தட்டைப் பறிகொடுத்த குடும்பத்திற்கு எவ்வகையில் உதவும்?

அப்படியாயின் மசோதாவே சரியென்று கொள்ளலாமா? அதுவும் இல்லை. இசைவு தரும் உரிமையை அது யாரிடம் வைத்தது என்று பாருங்கள்: உரிமையாளரிடம், அல்லது பொறுப்பாளரிடம். ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-இல் பாலம் வந்தபின் பண்ணை நிலங்கள் உல்லாசக் குடியிருப்புகளாயின. குல்லா மக்களின் கல்லறைகள் சில இன்று காவலர் நிற்கும் வாயில்களுக்கு உள்ளே இருக்கின்றன. தம் பாட்டன் கல்லறையைக் காண வருவோரும் அவ்வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். அத்தகைய இடத்தில் எழுத்து மூலமான இசைவு என்பது நிலத்தை வாங்கியவரின் கையொப்பமாகவே முடியக்கூடும். கோப்பையை அங்கே வைத்தது யார், ஏன் வைத்தார் என்பதை அறிந்தவரின் சொல்லுக்கு அத்தாளில் இடமிராது. ஆர்வலர்களின் சொந்த விதி கோரும் அனுமதியும் இதே கதவைத்தான் தட்டுகிறது.

பெட்டியே இல்லாத மாற்று வழியும் இவ்விளையாட்டில் உண்டு. 2004 முதல் நிலவியல் சிறப்புள்ள இடங்களுக்கென எர்த்கேச் என்னும் முறை நடைமுறையில் இருக்கிறது. வருபவர் எதையும் வைப்பதில்லை, எடுப்பதுமில்லை. அவ்விடத்தைக் கூர்ந்து நோக்கிக் கேள்விகளுக்கு விடை மட்டும் அனுப்புகிறார். பாறைகளுக்கு இது போதும். கல்லறைக்கு வருபவரோ, இடத்தின் அளவுகளை அறிவிக்கு முன்பே, அருகிலுள்ள குல்லா ஆலயம் ஒன்றின் முதியவர்களைத் தேடிச் சென்று, 'இங்கே துயில்பவர்கள் யார்? நாங்கள் வரலாமா?' என்று கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லலாம்.