அறமனையும் கல்வெட்டும்

போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பெற்றோரில்லாப் பிள்ளைகளைப் பெருக்கிய மட்டக்களப்பு வாவிக்கரையிலே, ஓரூரார் கூடித் தருமநிதி ஒன்று நிறுவத் துணிந்தனர். ஏழைச் சிறார்க்கு உணவும் உறையுளும் அளிக்க எழும் மனையின் முகப்பிலே, பொருளுதவினோர் பெயர்களைக் கல்லிற் பொறித்தல் தக்கதோ என்று அவ்வவையினர் நம்மை வினவினர். சிறிய வினாப்போலத் தோன்றினும், அவர்கள் இதன்பொருட்டு இரண்டு பகல் வழக்காடினரென அறிந்தோம்.

பெயர் விரும்புதலை முற்றாக இகழ்தல் நமக்கு உடன்பாடன்று. இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்குரியதென மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களில் வகுத்திருக்கும் முறையை யாவரும் அறிவர். தம் குடியின் நாள் குறைவுபடலாகாதென்னும் மானமே பல கோயில்களில் விளக்கெரியச் செய்தது. வண்ணக்கர் இன்னாரென ஊரறிதலால், அவரைக் கணக்குக் கேட்டற்கும் இடமுண்டாயிற்று. அம்மானமே முதன்மைப் பூசலாக முடிதலும் உண்டு, அது நிற்க.

கோயிலிலே ஏற்பவன் இறைவன். அவன் வேண்டுவதொன்றும் இலாதவன். ஆதலின் கொடுப்பார் பெயர் ஒலித்தலால் அவனுக்கு வருங் குறை யாதுமில்லை. அறமனையில் ஏற்பது குழந்தை. இன்னார் இட்ட சோறென்னும் எழுத்தின்கீழ் நாடோறும் நுழைந்து உண்ணும் பிள்ளை கடன்பட்டோனாகவே உண்ணும். வளர்ந்தபின்னும் அவ்வீதியிலே தலைநிமிர்ந்து நடக்க நாணும். திருவள்ளுவர் ஈகைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடமையாது, அதற்கு முன்னரே ஒப்புரவறிதலைத் தனியே வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. ஈகையில் ஈவோனும் இரப்போனும் உளர்; ஒப்புரவிலோ ஊர் உளது. ஊர்க்குளத்தில் நீர் முகப்பவள் அதனை வெட்டினோன் யாரென வினவி முகப்பதில்லை.

காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள், 1929இல் கல்லடி உப்போடையிலே வித்தியாலயம் நிறுவியபோது, 1924இல் தமக்குத் துறவு நல்கிய சிவானந்த சுவாமிகளின் பெயரையே அதற்கு இட்டனர். 1947இல் அடிகளின் திருமேனி அவ்வளாகத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசினர் வசமானபோது, அவ்வித்தியாலயமும் கைமாறிற்று. ஆயினும் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் பணியை இராமகிருஷ்ண மிஷன் அவ்விடத்திலே கைவிடவில்லை. பெயர்ப்பலகையும் ஆட்சியும் பிறர்பாற் சென்றபின்னரும் செய்தற்குரியதாய் எஞ்சுவது யாதோ, அதனையே நிதி நிறுவுவோர் முதற்கண் தெளிதல் வேண்டும்.

ஆதலின் நாம் விடுத்த மறுமொழி இது: பெயர்கள் யாவும் கணக்கேட்டில் ஏறுக, இலட்சம் ஈந்தோரும் பத்து ரூபா ஈந்தோரும் ஈந்த நாளின் முறையே நிற்க, ஆண்டுதோறும் ஊரவையில் வரவுஞ் செலவும் அப்பெயர்களோடு உரக்க வாசிக்கப்படுக. பிள்ளைகள் உண்ணும் மனையின் சுவர் வெறுமையாய் இருக்க.

அங்ஙனமாயின் செல்வர் சிலர் பின்வாங்குவர், ஓரறை குறையுமென்று முதியவர் ஒருவர் எழுதினார். குறையும், அதனை மறுக்கமாட்டோம். பின்னர்க் கூடிய அவையினர் கல்லைப்பற்றிய பேச்சை ஒத்திவைத்து, கணக்கெழுதுவார் ஒருவரைத் தேர்ந்தனரென அறிகிறோம்.